கடைப் படியில் இருக்கும் அம்மாவுக்குக் காபி கொடுப்பது தப்பா?

வாசகர் கடிதம்: ஒரு மனநல மருத்துவரின் பதில்

பெயரும் ஏரியாவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு இந்த வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 46. சென்னையில் அப்பா காலத்திலிருந்து நடக்கும் சின்ன காபிக்கடை. எட்டுப் பேர் நின்று குடிக்கலாம், வெளியே இரண்டு பெஞ்சு. விடியற்காலை நாலரைக்கு ஷட்டரைத் தூக்கிப் பால் வைக்கிறார். பேப்பர் போடும் பையன்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோக்காரர்கள், பிறகு வாக்கிங் முடித்து வருகிற பெரியவர்கள் என்று எட்டு மணிவரை கடை நிறைந்திருக்கிறது.

பக்கத்தில் மூடிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடைப் படியில் ஏழு மாதமாக ஓர் அம்மா இருக்கிறார். ஐம்பது வயது இருக்கலாம். கொளுத்தும் வெயிலிலும் மூன்று புடவையைச் சுற்றியிருக்கிறார். பக்கத்தில் எப்போதும் ஒரு சிமெண்ட் சாக்கு மூட்டை. தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். இரவெல்லாம் விழித்தே உட்கார்ந்திருந்து, கடை திறந்த பிறகுதான் தூங்குகிறார். யார் எது கொடுத்தாலும் கையில் வாங்குவதில்லை. வாசகரும் அவர் மனைவியும் கொடுக்கிற காலைக் காபியை மட்டும் கைநீட்டி வாங்கிக் குடிக்கிறார். அதற்கென்று ஒரு பழைய டம்ளரை வெளிச்சுவரில் ஆணியடித்துத் தனியாக மாட்டி வைத்திருக்கிறார்களாம்.

போன மாதம் ஒருநாள் அந்த அம்மா சூடான காபியை வீசி எறிந்துவிட்டார். ஒரு குழந்தை பக்கத்தில் நின்றிருந்தது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. அன்றிலிருந்து எதிரே உள்ள அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் விடாமல் பேசுகிறார்: நீங்கள் காபி கொடுப்பதால்தான் அவர் போகமாட்டேன் என்கிறார், பிச்சை எடுப்பது சட்டப்படி குற்றம், தெரிந்தவர்கள் வேன் கொண்டுவந்து ஊருக்கு வெளியே ஓர் ஆசிரமத்தில் விட்டுவிடுவார்கள், ஐயாயிரம் ஆகும், ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம் என்று. மருந்துக்கடை நண்பர் ஒருவர், ‘ஒரு மாத்திரை தருகிறேன், காபியில் கலந்து கொடுங்கள், சாந்தமாகிவிடுவார்’ என்கிறார். மனைவிக்குக் கேஸ் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டால் அது பெரிய பாவம் என்றும் அவர் நினைக்கிறார். மகன் கடையில் ஒரு போர்டு வைத்து, வருகிறவர்கள் ஏழைகளுக்காகக் காபிக்கு முன்பணம் கட்டுகிற மாதிரி செய்யலாம் என்கிறான். ‘நான் செய்வது உதவியா, உபத்திரவமா, நீங்களே சொல்லுங்கள்’ என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள நண்பருக்கு,

உதவிதான். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டு, கவனிக்காமல் கடந்துபோன சில விஷயங்கள் இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரவெல்லாம் விழித்திருக்கிறார், நீங்கள் ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண், தனியாக, தெருவில். இருட்டில் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். நடந்தும் இருக்கலாம். நாலரைக்கு உங்கள் டியூப்லைட் எரிகிறது, பால் கொதிக்கிற சத்தம் வருகிறது, நாலு பேர் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். இனிமேல் தூங்கலாம் என்று அவர் உடம்பு முடிவு செய்கிறது. அவர் அந்தப் படியை விட்டு நகராததற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நாளைக்கே நீங்கள் காபியை நிறுத்தினாலும் அவர் போகமாட்டார். போனால், வெளிச்சம் இல்லாத வேறொரு படிக்குத்தான் போவார். மூன்று புடவையும் அப்படித்தான். மனநோயின் அடையாளம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வைக்க அலமாரி இல்லாதவர் உடுத்திக்கொண்டுதான் காப்பாற்றவேண்டும், ஒருவர் தொட வந்தால் மூன்று சுற்று குறுக்கே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, காபியை வீசிய நாள். அந்தப் பத்தியின் நடுவில், ‘அன்று ஒருத்தர் ஸ்கூட்டரை அந்த மூட்டைமேல் இடிக்கிற மாதிரி நிறுத்தியிருந்தார்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏன் எறிந்தார் என்று என்னிடம் கேட்கிறீர்கள், காரணத்தையும் நீங்களே தந்துவிட்டீர்கள். அவருடைய மொத்த வீடும் அந்தச் சாக்குதான். மனநோய் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் தாக்குவார்கள் என்பது பரவலான பயம். என் அனுபவத்தில், தெருவில் இருக்கும் மனநோயாளிகள் அடித்ததைவிட அடிபட்டதுதான் மிக அதிகம். அதற்காகக் குழந்தையின் பாதுகாப்பை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. காபியைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுங்கள். அந்தப் படிக்கு முன்னால் வண்டி நிறுத்தாதபடி ஒரு ஸ்டூலோ பூந்தொட்டியோ வையுங்கள். குழந்தைகளை மறுபக்க பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். இப்போதைக்கு இது போதும்.

மாத்திரையைக் கலக்கவே கூடாது

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மாவின் எடை தெரியாது, சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு எதுவும் தெரியாது. பேச்சு குழம்புவதற்கு மனச்சிதைவு நோய் மட்டுமே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. தைராய்டு கோளாறு, இரத்தசோகை, மூளையில் தொற்று, மறதிநோய் என்று பலவும் இருக்கலாம். மயக்கம் தரும் மாத்திரையைக் கொடுத்துவிட்டால், இரவில் விழித்திருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் பெண்ணை நாமே அசையவிடாமல் செய்ததாகிவிடும். சில மனநல மருந்துகள் வெயிலைத் தாங்கும் சக்தியையும் குறைக்கும். சென்னை வெயிலில் படியில் கிடப்பவருக்கு அது உயிராபத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தில் இரண்டு பேர் கையிலிருந்து மட்டும்தான் அவர் வாங்கிச் சாப்பிடுகிறார். ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்ற பயம் மனச்சிதைவு நோயில் மிகச் சாதாரணம். காபியில் கசப்பு தட்டிய அன்றைக்கு அந்தப் பயம் உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு எந்த டாக்டரையாவது அவர் நம்பும்படி செய்ய நாங்கள் படாத பாடு படவேண்டும்.

வேன் வேண்டாம்

எங்கே போகிறது, யார் நடத்துகிறார்கள், பதிவு இருக்கிறதா என்று தெரியாத இடத்துக்கு ஒருவரைப் பிடித்து அனுப்பச் செயலாளருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. இதெல்லாம் ஏன் சட்டத்தில் எழுதவேண்டியிருந்தது என்று நம் தலைமுறைக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் யாரோ ஒருவர் ‘நல்லா பார்த்துக்குவாங்க’ என்று நம்பித்தான் விட்டுவிட்டு வந்தார்.

சட்டம் பற்றி உங்கள் மனைவியின் பயம்

அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஒருவருக்குக் காபியோ இட்லியோ கொடுத்ததற்காக யார்மீதும் வழக்கு வராது. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் 108-க்குப் போன் செய்யுங்கள். கூப்பிட்டவர்தான் பொறுப்பு என்று யாரும் உங்களைப் பிடித்துவைக்க மாட்டார்கள். நீங்கள் எழுதியதிலேயே சட்டச் சிக்கல் வரக்கூடியவை இரண்டுதான்: அந்த மாத்திரையும் அந்த வேனும்.

பிச்சை விஷயம். தமிழ்நாட்டில் 1945-ஆம் ஆண்டின் பிச்சை தடுப்புச் சட்டம் இன்னமும் இருக்கிறது, செயலாளர் சொல்வதில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் இந்த அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லையே. நீங்கள் கொடுக்கிறீர்கள், அவர் வாங்கிக்கொள்கிறார். அதோடு, பிச்சையைக் குற்றமாகப் பார்க்கும் பார்வையே மாறிவருகிறது. டெல்லியில் அமலில் இருந்த இப்படிப்பட்ட சட்டத்தின் பல பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் செல்லாது என்று சொன்னது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் இதை வறுமைப் பிரச்சினையாகவே பார்த்து, தெருவில் பிச்சை எடுப்பவர்களை அகற்றும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தை அந்தத் தீர்ப்புகள் ரத்து செய்யவில்லை. இருந்தாலும் செயலாளர் அதைக் கம்பு மாதிரி சுழற்றும்போது நீங்கள் இதைச் சொல்லலாம்.

அந்த ஆணியைப் பிடுங்கிவிடுங்கள்

கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இது. சுத்தத்துக்காகத்தான் தனி டம்ளர் வைத்தீர்கள் என்று தெரியும். ஆனால் நம் ஊர் டீக்கடைகளில் தனி டம்ளருக்கு ஒரு பழைய அர்த்தம் இருக்கிறது. இரட்டைக் குவளை என்ற அந்த வழக்கத்தைச் சாதி பார்த்துச் செய்தால் அது வன்கொடுமைக் குற்றம். உங்கள் மனதில் அது இல்லை. என்றாலும் தினமும் கடைக்கு வருகிற யாரோ ஒருவர் அந்த ஆணியைப் பார்த்துத் தன் தாத்தா நின்று குடித்த இடத்தை நினைத்துக்கொள்வார். நீங்கள் டம்ளர் கழுவும் கொதிநீர் எல்லோர் எச்சிலையும் ஒரேமாதிரிதான் போக்குகிறது. அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்பதுதான் சிரமம் என்றால், வெளியே நின்று குடிப்பவர்களுக்குக் கொடுக்கிற அதே பேப்பர் கப்பில் கொடுங்கள்.

கீழ்ப்பாக்கம் பற்றி

நம் ஊரில் அந்தப் பெயரை வசவாகவே ஆக்கிவிட்டோம். 1794-இல் தொடங்கிய மருத்துவமனை அது. கசப்பான கதைகள் அதற்கும் உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் உங்கள் மனைவி நினைக்கிற மாதிரி உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிற காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. வீடு இல்லை, உறவு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக்கூடாது என்கிறது 2017 சட்டம். வீடற்றவர்களுக்குச் சிகிச்சை முழுக்க இலவசம், அதற்குக் கார்டு எதுவும் காட்டவேண்டியதில்லை. மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே தன் பெயர், ஊர், பிள்ளைகள் பெயர் எல்லாம் சொல்ல ஆரம்பிப்பவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன். எல்லோரும் அப்படித் தேறுவதில்லை. தேறியவர்கள் எல்லோரையும் வீட்டில் சேர்த்துக்கொள்வதும் இல்லை. அப்படி நேர்ந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு சாதாரணத் தெருவில் வீடு எடுத்துத் தங்கும் ஏற்பாடுகள் இப்போது இருக்கின்றன.

இனி என்ன செய்யலாம்

உங்கள் மனைவி சொன்னதாக ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த அம்மா ‘சக்கெர வத்து’ என்றாராம். உளறல் என்று விட்டுவிட்டீர்கள். அது தெலுங்கு. சர்க்கரை வேண்டாம் என்கிறார். ஏழு மாதத்தில் உங்களிடம் அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான், அதுவும் தன் காபி எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி! நாளையிலிருந்து சர்க்கரை போடாமல் கொடுங்கள். தெலுங்கு பேசும் வாடிக்கையாளர், முடிந்தால் ஒரு பெண், வாரத்தில் இரண்டு நாள் வந்து பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். எதிரே நின்று கேள்வி கேட்கவேண்டாம். ஊர் எது, பேர் என்ன என்று துருவவும் வேண்டாம். ‘காபி சரியா இருக்கா’ என்று ஆரம்பித்தால் போதும். குளிக்க, துணி மாற்ற, மாதவிலக்குக்கு என்ன செய்கிறார் என்பதை உங்கள் மனைவிதான் கேட்கமுடியும். வாடை வருகிறது என்று புகார் சொல்பவர்கள், அந்தத் தெருவில் ஒரு பெண் இரவில் போக எந்தக் கழிப்பறை திறந்திருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.

அப்படியே சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். வீடற்ற, மனநோய் உள்ள பெண்களுக்காகவே 1993 முதல் சென்னையில் பணிசெய்யும் ‘தி பேன்யன்’ மாதிரியான அமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள். அவர்கள் ஆட்கள் நேரில் வந்து பார்த்துப் பேசுவார்கள். ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அவர் உடல்நிலை மோசமானாலோ, யாராவது அவரிடம் தவறாக நடந்தாலோ, காத்திருக்கவேண்டாம், காவல் நிலையத்துக்குப் போங்கள். போலீஸ் என்றதும் கொடூரம் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. 2017 சட்டத்தின் 100-ஆவது பிரிவு காவல் துறைக்கு இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது: மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுக்கவேண்டும், எதற்காக என்று அவருக்குச் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் பொறுப்பு. எழுத்தில் மனு கொடுங்கள், பெண் காவலர் வரவேண்டும் என்று கேளுங்கள்.

அந்த நாளில் நீங்களோ உங்கள் மனைவியோ கூட இருக்கவேண்டும். காபியைக் காட்டி வண்டியில் ஏற்றாதீர்கள். எங்கே போகிறோம் என்று யாராவது அவர் மொழியில் சொல்லட்டும். மூட்டையும் கூடவே போகவேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு வார்டுக்கு ஒரு பெண்மணியை அழைத்துவந்தவர்கள், குப்பை என்று அவர் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். குணமான பிறகு அவர் முதலில் கேட்டது அந்தப் பையைத்தான். மகளுடைய பள்ளிக்கூட போட்டோ அதில் இருந்ததாம். அதை வைத்தே அவர் வீட்டைக் கண்டுபிடித்திருக்கலாம். எங்களுக்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

உங்கள் மகனின் போர்டு

நல்ல யோசனை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் இது பழைய வழக்கம். ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவார்கள். பிறகு வருகிற ஏழை ஒருவர் ‘பாக்கி காபி இருக்கிறதா’ என்று கேட்டுக் குடிப்பார். கொடுத்தவர் முகம் வாங்கியவருக்குத் தெரியாது, வாங்கியவர் முகமும் கொடுத்தவருக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆகவே கொடுத்தவர் பெயரைச் சுவரில் ஒட்டவேண்டாம், குடிப்பவரைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவேண்டாம். கல்லாவில் ஒரு டப்பாவில் டோக்கனைப் போட்டுவையுங்கள். வண்டியிலேயே படுத்துத் தூங்கும் லோடுமேன், தூய்மைப் பணிக்கு வரும் பெண்கள், பிளாட்பாரத்தில் குடும்பத்தோடு இருப்பவர்கள் என்று பலருக்குப் பயன்படும். வீடு இல்லாதவர்கள் எல்லோரும் மனநோயாளிகள் இல்லையே. ஜார்ஜ் டவுன் பக்கம் மூன்று தலைமுறையாகத் தெருவிலேயே பிறந்து, வேலைக்குப் போய், ஓட்டும் போடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த போர்டு. படியில் இருக்கும் அம்மா கேட்கமாட்டார், அவருக்கு நீங்கள்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

வாடிக்கையாளர்களைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வியாபாரத்தில் அது வலிக்கத்தான் செய்யும், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். மிச்சமுள்ளவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: ‘டாக்டர்கிட்ட பேசியிருக்கோம், ஏற்பாடு நடக்குது, கொஞ்சம் பொறுத்துக்குங்க.’ செயலாளரையும் விட்டுவிடாதீர்கள். வேனுக்கு வசூல் செய்ய முடிந்தவரால் காவல் நிலைய மனுவுக்கு நாற்பது கையெழுத்தும் வாங்க முடியும். ஐப்பசி மழை தொடங்கினால் அந்தப் படியில் யாரும் உட்கார முடியாது. அதற்குள் முடிக்கப் பாருங்கள்.

அவர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் போய்ப் பாருங்கள். வார்டு நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, பிளாஸ்க்கில் காபி கொண்டுபோங்கள். சர்க்கரை வேண்டாம்.